ஆய்வு இடங்களும் காலிப் பணியிடங்களும்

1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் துறைமுகக் கழக எழுத்தர் ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தரத் தொடங்கியது. எழுத்தர் வேலையில் அவர் வாங்கியது 30 ரூபாய். பட்டம் கிடையாது, எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். முதுகலை முடித்தவர்களுக்கான தொகையை இப்படி ஒருவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி சிண்டிகேட்டில் எழுந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருந்தார். கணிதப் பாடக்குழுவும் ஆதரித்தது. கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. இரண்டு ஆண்டுக்கான தொகை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை. ராமானுஜன் 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டார்.

இதைப் பெருமைக்காகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதிலுள்ள கணக்கு முக்கியமாகப் படுகிறது. ஆராய்ச்சி செய்பவருக்கு எழுத்தர் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு கொடுத்தார்கள். இன்று யுஜிசி, சிஎஸ்ஐஆர் வழங்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தருக்கு அடிப்படைச் சம்பளம் 19,900. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் சென்னையில் ஏறக்குறைய அதே 37,000 வந்துவிடும். ஜேஆர்எஃப் வாங்குபவருக்கும் வீட்டு வாடகைப்படி உண்டு என்பதால் அவர் கொஞ்சம் மேலே நிற்கிறார், அவ்வளவுதான். அந்த எழுத்தருக்கு ஓய்வுபெறும் வரை வேலை இருக்கிறது. ஆய்வாளருக்கு ஐந்து வருடம்.

ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றி நாம் இரண்டு தனித்தனிப் பேச்சுகளாகவே பேசி வருகிறோம். நுழைவுத் தேர்வு, உதவித்தொகை, கைடு என்று ஒரு பேச்சு, அது மாணவர்களுடையது. உதவிப் பேராசிரியர் பணி, இடஒதுக்கீடு, நேர்காணல், டிஆர்பி எனும் ஆசிரியர் தேர்வு வாரியம் என்று இன்னொரு பேச்சு. அது வேலை தேடுபவர்களுடையது. இரண்டும் ஒன்றுதான் என்பதை இந்தக் கட்டுரையில் காட்ட முயல்கிறேன். ஆசிரியர் பணியிடம் ஒன்றை நிரப்பாமல் விட்டால் ஒருவருடைய வேலை மட்டும் போவதில்லை. அவரிடம் சேர்ந்து படித்திருக்க வேண்டிய நான்கு முதல் எட்டுப் பேரின் படிப்பும் சேர்ந்தே போகிறது.

முதலில் உள்ளே நுழையும் வழி. கலை, சமூக அறிவியல், மொழிப் பாடங்களுக்கு யுஜிசி-நெட், அறிவியலுக்கு சிஎஸ்ஐஆர்-நெட், பொறியியலுக்கு கேட். யுஜிசி-நெட்டில் இரண்டு தாள்களையும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேரைத்தான் தகுதி பெற்றவர்களாக அறிவிக்கிறார்கள். ஜேஆர்எஃப் அதற்குள்ளும் சிறிய பகுதி. பொதுப்பிரிவினருக்கு ஜேஆர்எஃப் வயது வரம்பு 30. பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. மொழிப் பாடங்கள் தவிர மற்ற கேள்வித்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழ்வழியில் வரலாறோ பொருளியலோ படித்து முதுகலை முடித்த பெண், இந்திவழியில் படித்த தன் வயதுப் பெண்ணுக்கு இல்லாத ஒரு தடையைத் தாண்டித்தான் உள்ளே வருகிறாள். நுழைவு முறையைப் பற்றிய விவாதங்களில் இந்த அநீதிக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

2024 முதல் நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று யுஜிசி அறிவித்தது. ஜேஆர்எஃப் கிடைக்காத நிலைகளில் நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று பங்கு. பல ஊர்களுக்கு அலைந்து பல நுழைவுத் தேர்வுகள் எழுத வேண்டாம் என்பது நல்ல நோக்கம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தேர்வில் கட்டிவைத்தால் அந்த ஒன்று சரியும்போது எல்லாமே சரியும். அந்த ஆண்டே அது நடந்தது. ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு மறுநாளே ரத்தானது. மறுதேர்வு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கியது.

உள்ளே வந்தபின் எல்லோரும் ஒரே தரையில் நிற்பதில்லை. ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 70,000; பின்னர் 80,000 வரை உயரும்; அதோடு ஆய்வுச் செலவுக்கு வருடம் 2 லட்சம். ஜேஆர்எஃப் வாங்குபவருக்கு 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இவை எதுவும் இல்லாமல் சேர்ந்தவருக்கு 8,000. அந்த 8,000-ஐயும் 2015 அக்டோபரில் நிறுத்தப்போவதாக யுஜிசி முடிவெடுத்தபோது, டெல்லியில் அதன் அலுவலக வாசலில் மாணவர்கள் பல வாரம் உட்கார்ந்துதான் காப்பாற்றினார்கள். தொகை மட்டும் உயரவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த 8,000-மும் இல்லாத ஆய்வாளர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 என்று வந்திருப்பதும், முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை இருப்பதும் உண்மையான உதவிகள். இவை கிடைக்காதவர்கள் தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு பகுதிநேரமாகப் பதிவு செய்கிறார்கள். ஆய்வேட்டுக்கு எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே கால வரம்பு. 70,000 வாங்குபவருக்கும் எதுவும் வாங்காதவருக்கும் ஆறு வருடம்தான்.

தொகை எவ்வளவு என்பதைவிட அது எப்போது வருகிறது என்பது வாழ்க்கையை அதிகம் பாதிக்கிறது. யுஜிசி உதவித்தொகை வருவதற்கு ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் உறுதிப்படுத்தல் இணையத்தில் ஏற வேண்டும். 'மேக்கர்' என்று ஓர் அலுவலர் விவரத்தைப் பதிவார். 'செக்கர்' என்று மேலதிகாரி ஒப்புதல் தருவார். அதற்கு முன் ஆய்வாளர் வருகைச் சான்றில் கைடிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மேக்கர் விடுப்பில் போனால் அந்த மாதம் தவறும். கைடு கருத்தரங்குக்கு வெளியூர் போனால் தவறும். ஜேஆர்எஃப்பிலிருந்து முதுநிலை உதவித்தொகையான எஸ்ஆர்எஃப்புக்கு உயரும் நேரத்தில் மதிப்பீட்டுக் குழு கூடுவது தள்ளிப்போனால் மாதக்கணக்கில் தவறும். நிலுவை பிறகு மொத்தமாக வரும். ஆனால் விடுதி மெஸ் பில்லும் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணமும் அதுவரை நிற்பதில்லை. முதல் தலைமுறையாக ஆராய்ச்சிக்கு வந்தவர் நண்பர்களிடம் கைமாற்று வாங்கியே ஒரு பருவத்தை ஓட்டுகிறார். சம்பளமாக இருந்தால் இந்த நிலை வராது. மாத முடிவில் ஆசிரியருக்குப் போகும் அதே பட்டியலில் ஆய்வாளர் பெயரும் இருந்தால் போதும். ஆய்வகக் கருவியை ஓட்டுவது, இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித்தருவது, விடைத்தாள் வேலைக்கு உதவுவது, திட்ட அறிக்கைக்குப் புள்ளிவிவரம் தொகுப்பது என்று அவர் செய்வதெல்லாம் வேலைதான். அதை வேலை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நாடுகள் இருக்கின்றன.

நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் நான்கு வருட ஒப்பந்தத்தில் பல்கலைக்கழக ஊழியர்கள். ஜெர்மனியிலும் அறிவியல் துறைகளில் ஆய்வாளர் அரசுச் சம்பள அட்டவணைப்படி முழுச் சம்பளத்தில் ஒரு பங்கு வாங்குகிறார். ஓய்வூதியக் கணக்கும் காப்பீடும் உண்டு. அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் ஆராய்ச்சி மாணவர்கள் ஊழியர்களே என்று தேசியத் தொழிலுறவு வாரியம் 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். ஆனால் அந்த நாடுகளிலும் ஆய்வுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி தீரவில்லை. ஜெர்மனியின் சட்டப்படி பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு என்று 12 வருடம் தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை செய்யலாம். மருத்துவத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காதவர் பெரும்பாலும் வெளியேறத்தான் வேண்டும். 2021இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் இணையத்தில் தங்கள் கதைகளை எழுதியது இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். உள்ளே இருக்கும்போது நல்ல சம்பளம் கொடுப்பதால் வெளியே வேலை உருவாகிவிடாது என்பதை நாம் அங்கிருந்து கற்கலாம்.

இனி நம் முடிச்சுக்கு வருகிறேன். யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிகளின்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் ஆறு. உதவிப் பேராசிரியர் நான்கு. கௌரவ விரிவுரையாளருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 60. அதாவது 57 தாண்டியவரின் கதவு மூடிவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65 என்பதால் அது 62 வரை திறந்திருக்கும்.

ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர்கள், நான்கு உதவிப் பேராசிரியர்கள் என்று ஏழு பணியிடங்கள். எல்லாம் நிரம்பியிருந்தால் 36 ஆய்வு இடங்கள். பேராசிரியரும் ஓர் இணைப் பேராசிரியரும் ஓய்வு பெற்று, உதவிப் பேராசிரியர் பணியிடங்களில் இரண்டு காலியாகக் கிடந்தால் மிச்சம் 14. போன 22 இடங்களை எந்த அறிவிப்பும் ரத்து செய்யவில்லை. எந்த ஊர்வலமும் அவற்றுக்காக நடக்கவில்லை. மிச்சமிருக்கும் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் 57-ஐ நெருங்கினால் கணக்கு மேலும் சுருங்கும். துறை மூடப்படுவதற்கு முன்பே அதன் எதிர்காலம் முடிந்துவிடுகிறது.

நிரப்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைமை தேடியபோது சி.வி. ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். வந்தவருக்கு முப்பதை ஒட்டிய வயது. இரண்டே ஆண்டில், 1954இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் மூன்று இழை அமைப்பை வெளியிட்டார். கொலாஜன் மாதிரி பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு வெளியிட்ட வரைபடத்தை இன்றும் புரதம் படிக்கும் மாணவர் உலகில் எங்கிருந்தாலும் கற்றே ஆக வேண்டும். அந்த இருவரும் அவரிடம் படித்தவர்கள். ஒரு நியமனம், அதைச் சுற்றி ஆய்வு மாணவர்கள், நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு ஆய்வு நிலையம். 1971இல் அவர் பெங்களூருக்குப் போனார்.

ஏன் நிரப்புவதில்லை? பணம் ஒரு காரணம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஓய்வூதியச் சுமை ஏறிக்கொண்டே போகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியது, 1857இல் தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கு வரக்கூடாத நிலை. இரண்டாவது காரணம் நிர்வாகம். ஆசிரியர் தேர்வுக் குழுவின் தலைவர் துணைவேந்தர். அவர் இல்லாவிட்டால் நேர்காணல் இல்லை. சென்னையில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் காலம் முடிந்தபின் அடுத்தவரை நியமிப்பது ஆளுநருக்கும் அரசுக்குமான இழுபறியில் சிக்கியது. 2025 ஏப்ரல் 8 அன்று ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மே 21 அன்று துணைவேந்தர் நியமனம் தொடர்பான சட்டத்திருத்தங்களுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த வழக்குகளில் பேசப்படுவது அதிகாரம் யாருக்கு என்பது. அந்தக் காலத்தில் ஆய்வு இடம் கிடைக்காமல் போனவர்கள் எந்த மனுவிலும் கட்சிக்காரர்கள் அல்லர்.

மூன்றாவது இடஒதுக்கீட்டுச் சுழற்சி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு 200 இடங்களுக்குச் சுழற்சி போடுவது ஒரு முறை. ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொண்டு 13 இடங்களுக்குப் போடுவது மற்றொன்று. துறைவாரிச் சுழற்சியில் நான்காவது பணியிடம்தான் பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினர் பதினான்கு வரை காத்திருக்க வேண்டும். மூன்று பேர் இருக்கும் துறையில் இடஒதுக்கீடே இல்லை என்று பொருள். சிறிய துறைகள் நிறைந்த பல்கலைக்கழகத்தில் இது ஒதுக்கீட்டையே இல்லாமலாக்கும். 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைவாரி முறையையே ஏற்றது. 2018 மார்ச்சில் யுஜிசி அப்படியே உத்தரவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. கடும் போராட்டத்துக்குப் பிறகு அதே ஆண்டு அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்து மத்திய நிறுவனங்களில் பழைய முறை மீண்டது. அந்தச் சட்டம் சரியானது. ஆனால் இந்தக் குழப்பம் நீடித்த காலம் முழுவதும் பல பல்கலைக்கழகங்கள் நியமனத்தை நிறுத்தி வைத்திருந்தன. அந்த ஆண்டுகளில் வயது கடந்தவர்களுக்கு எந்தச் சட்டமும் ஈடு தரவில்லை.

விளம்பரம் வந்தாலும் பாதை நேரானதாக இல்லை. 2018 யுஜிசி விதிப்படி பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு விண்ணப்பிப்பவர்களைப் புள்ளி போட்டு வடிகட்டுகிறார்கள்: பிஎச்.டி.க்கு 30, ஜேஆர்எஃப்புடன் நெட்டுக்கு 7, வெறும் நெட்டுக்கு 5, ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை. இந்தப் புள்ளிகள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும். அறைக்குள் நுழைந்ததும் அவை கணக்கில் இல்லை. தேர்வு முழுக்க நேர்காணலைப் பொறுத்தது. பதினைந்து இருபது வருடப் படிப்பும் உழைப்பும் ஒரு சிறு நேரப் பேச்சில் நிற்கின்றன. என் கருத்தில் இந்த முறையின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். வடிகட்டும் புள்ளியில் பாதியையாவது இறுதி வரை எடுத்துச் செல்ல வேண்டும். பாடம் நடத்திக் காட்டுவதை மாணவர்கள் முன்னால் வைக்க வேண்டும்.

தகுதி விதியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2021 ஜூலை முதல் பல்கலைக்கழகத்தில் சேர பிஎச்.டி. கட்டாயம் என்றார்கள். பெருந்தொற்றில் அது 2023 வரை தள்ளிப்போனது. 2023 ஜூலையில் பிஎச்.டி. விருப்பத் தகுதி, நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும் என்று திருத்தினார்கள். கட்டாயம் என்று நம்பி அவசரமாகப் பதிவு செய்தவர்கள், காசு வாங்கி அச்சிடும் இதழ்களில் கட்டுரை போட்டவர்கள் எத்தனையோ பேர். பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022இல் எடுத்தது நல்லது. ஆனால் வேலைக்கான புள்ளியில் அது அப்படியே இருப்பதால் அந்த இதழ்களின் வியாபாரம் படுக்கவில்லை.

இந்த வாசலைத் தாண்ட முடியாதவர்கள் கல்லூரிகளை நோக்கிப் போகிறார்கள். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் 2,331 இடங்களை அறிவித்தது. அது நியமனமாக முடியவில்லை. 2024 மார்ச்சில் 4,000 என்று புதிய அறிவிப்பு. தேர்வு தள்ளிப்போய் 2025இல் 2,708 என்று மறுபடி ஓர் அறிவிப்பு. இடைப்பட்ட காலமெல்லாம் வகுப்புகளை ஓட்டியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யுஜிசி 2019இல் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அவர்கள் வாங்குவது 25,000, அதுவும் கோடை நீங்கலாக 11 மாதம். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. இருவரும் நடத்துவது ஒரே பாடம், ஒரே அறை. பிஎச்.டி. முடித்த ஒருவர் பத்து வருடம் இப்படிக் கற்பித்தாலும் ஓர் ஆய்வு மாணவரைக்கூடத் தன் பெயரில் பதிவு செய்ய முடியாது. அவருடைய அறிவு அவரோடு நின்றுவிடுகிறது.

ஆராய்ச்சியில் சேர நினைப்பவர்களுக்கு இதிலிருந்து நடைமுறையாகச் சில விஷயங்கள் கிடைக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் பார்ப்பதற்கு முன், கைடு ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் என்று கேளுங்கள். ஆறுக்குக் குறைவென்றால் நடுவில் கைடு மாறும் வாய்ப்பு அதிகம். அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியாகப் பட்டம் பெற்றவர் எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். துறையில் எத்தனை பணியிடம், எத்தனை காலி என்று விசாரியுங்கள்; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா என்பதை விடுதியில் இருக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: 2022 விதியில் ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு இடம் இருக்கிறது, பதிவுக்காலத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டிக்கவும் வழி உண்டு. துறை அலுவலகத்தில் தாமாக இதைச் சொல்லுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அரசுகளிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் என்பதை ஒரே ஆண்டில் மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டாலும், காலிப் பணியிடத்தை முன்கூட்டி அறிவிப்பதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை. விபத்தும் ராஜினாமாவும் தவிர, பல்கலைக்கழகத்தில் எந்த இடம் எந்த மாதம் காலியாகும் என்பது ஆசிரியர் பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. 2030இல் ஓய்வுபெறப் போகிறவர்களின் பட்டியல் இப்போதே பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு ஜூனிலும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியோடு வெளியிட்டு, ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்த வேண்டிய தேதியையும் அதிலேயே குறிப்பிட வேண்டும் என்று பல்கலைக்கழகச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால், போகிறவர் கடைசி ஆய்வு மாணவரின் வைவாவை முடிக்கும்போது வருகிறவர் முதல் மாணவரைப் பதிவு செய்துகொண்டிருக்கலாம்.